சம்பந்தி வீட்டுக் கோடி

படுக்கையில் விழுந்தவர்களைப் புரட்டிவிட்டு, துடைத்து, உணவு ஊட்டுவது என் வேலை. அதற்கு முறையாகப் பயிற்சி எடுத்திருக்கிறேன். பாஞ்சாலிக்கு வலப்பக்கம் வாதம் வந்த பிறகு, உத்திரமேரூரை ஒட்டிய அவள் வீட்டுக்குக் காலையில் போய் மாலையில் திரும்புவேன். வீட்டில் அவளும் மகள் திவ்யாவும்தான். திவ்யாவுக்கு ஒரகடம் பக்கம் செல்போன் சார்ஜர் செய்யும் கம்பெனியில் வேலை.

பாஞ்சாலி படுத்ததும் அவள் தம்பி வேதகிரி வந்து உட்கார்ந்துகொண்டார். முறைமாமன். நாற்பதை நெருங்கியும் கல்யாணம் ஆகாதவர்.

“அக்கா கண்ண மூடறதுக்குள்ள தாலி கட்டிடறேன். இன்னா சொல்ற?”

“மாமா, என்னைத் தோள்ல தூக்கிக்கினு போய்த் திருவிழா காமிச்சவன் நீ.”

“அதான் சொல்றேன். வெளியாளா நானு?”

அந்த வாரமே திவ்யா ஓர் ஏற்பாடு செய்தாள். கம்பெனி பஸ்ஸில் கூட வரும் கலைச்செல்வன் அவளுடைய காதலனாக நடிக்க ஒத்துக்கொண்டான். சேர்ந்து எடுத்த படத்தை அவள் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்தாள். இருவர் பேச்சும் ஒத்துப்போக வேண்டும் என்று அவள் போனில் அவனே ஓர் ஆப் போட்டுக் கொடுத்தான். அவள் இருக்கும் இடம் அவன் போனில் நீலப் புள்ளியாகத் தெரியும். வேதகிரி சோதித்துப் பார்க்க எப்போது கூப்பிட்டுக் கேட்டாலும், “இப்ப வாலாஜாபாத்தாண்ட வந்துக்கினு கீறா” என்று சொல்லிவிடுவான்.

வேதகிரி நம்பினார். இன்னொருவன் பேர் அடிபட்ட பெண்ணைக் கட்ட அவருக்கு மானம் இடம் கொடுக்கவில்லை. சில நாள் குடித்தார். பிறகு மாகறலில் பெண் எடுத்தார்.

நாடகம் அத்தோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் திவ்யாவுக்கு அவன்மேல் நிஜமாகவே மனம் போய்விட்டது.

“ஆப்பை எடுக்கலையா?” என்று கேட்டேன்.

“இருக்கட்டும் சிஸ்டரம்மா. நான் எங்க கீறேன்னு பார்க்க ஒரு ஆள் கீதே.” முகமெல்லாம் சிரிப்பு.

அந்தச் சிரிப்பு நீடிக்கவில்லை. மருந்துக்கடையில் அவ்வளவு நேரம் என்ன வேலை என்று கேட்பான். வீடியோவில் கூப்பிட்டு அறையைச் சுற்றிக் காட்டச் சொல்வான். ஒரு முறை நான் பாஞ்சாலிக்குத் துணி மாற்றும்போதே போன் என் பக்கம் திரும்பியது. “நைனா, உனக்கும் மாத்தணும்னா நேர்ல வந்து படு” என்றேன். வைத்துவிட்டான்.

வீட்டுக்கு வந்து முறைப்படி பெண் கேள் என்று திவ்யா அவனிடம் சொல்லிப் பார்த்தாள். “நடிக்கத்தான கூப்ட்ட? அதுக்குள்ள தாம்பாளமா?” என்று சிரித்தானாம். அவள் சரியாகச் சாப்பிடவில்லை. ஆப்பையும் எடுக்கவில்லை. எடுத்தால் பேசமாட்டான் என்ற பயம். அதற்குப் பதிலாக, வெளியே போகும்போது போனை அம்மாவின் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டுப் போகப் பழகினாள். புள்ளி வீட்டிலேயே நிற்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்படிப் போயிருந்தாள். பாஞ்சாலியின் மூச்சு மாறியது. ஒருக்களித்துப் படுக்க வைத்து, வாயைத் துடைத்து, நூற்றெட்டுக்குச் சொன்னேன். அடுத்து திவ்யாவைக் கூப்பிட்டேன். தலையணைக்கு அடியில் மணி அடித்தது. யாரிடம் சொல்லி அனுப்புவது, எங்கே என்று தேடச் சொல்வது? வண்டி வந்தபோது அவர்களுக்கு அங்கே வேலை இருக்கவில்லை.

மறுபடியும் அந்தப் போன் அடித்தது. கலைச்செல்வன். எடுத்தது யார் என்றுகூடக் கேட்கவில்லை. “வூட்லயே கீற. இப்படித்தான் இருக்கணும்.” நான் துண்டித்தேன்.

திவ்யா வந்து அம்மாவின் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். “பஸ் ஸ்டாண்டுல டீ குடிக்கப் போனேன் சிஸ்டரம்மா. யாரும் பார்க்காம ஒரு டீ. அவ்ளோதான்.” போனை அணைத்தாள்.

மறுநாள் உடல்மேல் கோடித் துணி போட ஆரம்பித்தார்கள். முதலில் பிறந்த வீட்டுப் புடவையை வேதகிரி போர்த்தினார். அப்போது கலைச்செல்வன் பைக்கில் வந்து இறங்கினான். கையில் தாம்பாளம், புதுப்புடவை, மாலை.

“மாப்ள வந்துட்டாரு, வழி வுடுங்கடி” என்றாள் பக்கத்து வீட்டு ஆண்டாளம்மாள்.

சம்பந்தி வீட்டுக் கோடியை மகள் கைநீட்டி வாங்கிப் போர்த்திவிட்டால் ஊர் பார்க்க உறவு உறுதியாகிவிடும். நிச்சயதார்த்தம்கூடத் தேவையில்லை. எத்தனையோ நாளாக அவள் கேட்டதுதான். கைகள் தாமாக நீண்டன.

“எப்படித் தெரிஞ்சுது உனக்கு?” என்றாள்.

“புள்ளியே காணோம். எவன்கூட போய்ட்டியோன்னு தேடிக்கினு வந்தேன். பார்த்தா பந்தல் போட்டுக்கினு இருந்தாங்க. அப்புறம்தான் போய்ப் புடவை வாங்கினேன்.” குரலைத் தாழ்த்தினான். “இனிமே ஆஃப் பண்ணாத.”

அவள் கைகளை இறக்கினாள். “எடுத்துக்கினு போ.”

“அடியே, சாவு வூட்டுக்கு வந்த கோடியைத் திருப்பக்கூடாதுடி!”

“அவரு சம்பந்தி இல்ல ஆண்டாளம்மா. நாங்க லவ்வே பண்ணல. மாமாவை ஏமாத்த நடிச்சோம்.”

வேதகிரி நிமிர்ந்து பார்த்தார். பிறகு துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அவள் சொன்னதில் பாதி பொய் என்று எனக்குத் தெரியும். பைக் கிளம்பும் சத்தம் கேட்டதும் வாசல் பக்கம் ஓர் அடி வைத்தாள். அங்கேயே நின்றுவிட்டாள்.

பாஞ்சாலியைக் குளிப்பாட்ட வேண்டியிருந்தது. திவ்யா கையில் சொம்பைக் கொடுத்தேன். வாசலைப் பார்த்தபடியே சாய்த்ததில் தண்ணீர் முழுக்கத் தரையில் போனது. வாங்கி, மறுபடியும் நிரப்பிக் கொடுத்தேன்.