எட்டாவது பெயர்

தாத்தா படுத்துத் தூங்கி நான் பார்த்ததே இல்லை. சுவரில் சாய்ந்து கால்களை நீட்டி, இரண்டு கைகளையும் கக்கத்தில் செருகிக்கொண்டு, உட்கார்ந்தபடியே தூங்குவார். பட்டாளத்துப் பழக்கம் என்று அப்பா சொல்வார். எல்லாவற்றுக்கும் எங்கள் வீட்டில் அந்த ஒரே விளக்கம்தான்.

தாராவியில் எங்கள் வீடு என்பது கீழே ஓர் அறை, மேலே ஓர் அறை, நடுவில் செங்குத்தாக ஓர் இரும்பு ஏணி. எழுபது வயதிலும் தாத்தா அந்த ஏணியில் கைப்பிடியைத் தொடாமல் ஏறி இறங்குவார். அவர் பிறந்ததே தாராவியில்தான். அவருடைய அப்பாவுக்குத் தோல் பதனிடும் இடத்தில் வேலை. பதினேழு வயது மகனையும் அதே வேலையில் சேர்க்க நாள் குறித்தாயிற்று. அதற்கு முந்தின நாள், மாதுங்கா மார்க்கெட்டுக்குக் காய் வாங்கப் போன தாத்தா அப்படியே பட்டாளத்தில் சேர்ந்துவிட்டார். பை மட்டும் தெரிந்தவர் ஒருவர் மூலமாக வீடு வந்து சேர்ந்தது. உள்ளே சொன்னபடி வெண்டைக்காய் இருந்ததாம்.

அதன்பிறகு இருபத்துநான்கு வருடங்கள் அவர் போகாத இடமில்லை. வெள்ளம் ஓடிய ஓர் ஆற்றை யானையின் வாலைப் பிடித்துக்கொண்டு கடந்திருக்கிறார். ஒரு மழைக்கு ஒதுங்கிய குகையில் ஏற்கெனவே ஒரு கரடி ஒதுங்கியிருந்ததாகவும், விடியும்வரை இருவரும் மரியாதையாகவே நடந்துகொண்டதாகவும் சொல்வார். இதையெல்லாம் நான் முழுதாக நம்பினேன். நம்பாமல் இருக்கவும் முடியாது. எனக்கு எட்டு வயதானபோது மும்பையையே மூழ்கடித்த பெருமழையில், கழுத்தளவு தண்ணீரில் ஒரு பிளாஸ்டிக் டிரம்மை அணைத்தபடி நீந்திப்போய், எங்கள் சந்தில் மாட்டிக்கொண்ட இரண்டு பிள்ளைகளை அவர் கொண்டுவந்து சேர்த்ததை நானே பார்த்தேன். இடுப்பில் கட்டிக்கொள்ளச் சொல்லி யாரோ கயிறு கொடுத்தார்கள். தாத்தா அதைத் தொடவே இல்லை.

அவரைப் பற்றி வீட்டில் யாரும் பேசாத விஷயம் ஒன்று இருந்தது. தினமும் மத்தியானம் மூன்று மணிக்கு அவர் ஏணி ஏறி மேலே போவார். தகரக் கூரைக்குக் கீழே, சுவரைப் பார்த்து விறைப்பாக நின்று, எட்டுப் பெயர்களைக் கூப்பிடுவார். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு மூச்சு விடும் நேரம் காத்திருப்பார். ஏழு பெயர்கள் அப்படியே போய்விடும். எட்டாவது பெயர் செல்லையா. அதற்கு மட்டும் வெகுநேரம் நிற்பார்.

தாத்தா ரோல்கால் எடுக்கிறார் என்று அம்மா டிவியின் சத்தத்தைக் குறைத்துவிடுவாள். நான் ஏணிக்கு அடியில் உட்கார்ந்திருப்பேன். பக்கத்துப் பட்டறையில் தையல் மெஷின்கள் ஓடிக்கொண்டேதான் இருக்கும். ஆனால் அந்த எட்டாவது பெயருக்குப் பிறகு அவை நின்றுவிட்டதுபோல எனக்குத் தோன்றும். கூரைத் தகரத்தில் நடந்துகொண்டிருக்கும் புறாக்களின் காலடிச் சத்தமும் கேட்காது. சில நாட்களில் தாத்தா தலையைச் சாய்த்து, தூரத்தில் யாரோ பேசியது சரியாகக் காதில் விழாதவரைப்போல, "ம்?" என்பார். அந்த ஒரு "ம்?" எனக்குக் கரடிக் கதையைவிடப் பயமாக இருந்தது.

அடுத்த வருடம் மே மாத விடுமுறையில் எனக்குத் தொண்டையில் ஆபரேஷன் நடந்தது. குரல் கரகரத்து, ஏதோ பெரிய ஆண்பிள்ளையின் குரல்போல ஆகிவிட்டது. ஒரு மாதத்துக்கு ஐஸ் பக்கமே போகக்கூடாது என்று உத்தரவு. ஆனால் எங்கள் சந்து முனைக்குத் தினமும் கோலா வண்டி வரும். சீவிய ஐஸைக் குச்சியில் உருண்டையாகப் பிடித்து, கருஞ்சிவப்புப் பாகை ஊற்றித் தருவார்கள். ஒரு செவ்வாய்க்கிழமை அம்மா கண்ணசந்த நேரத்தில் ஒன்றை வாங்கிக்கொண்டு, யாருக்கும் தெரியாமல் மேலே ஏறிப்போய், துணிமூட்டைகளை மறைக்கக் கட்டியிருந்த பழைய புடவைத் திரைக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டேன். மணியைப் பார்க்கவில்லை. பாதி தின்றிருக்கும்போது ஏணி கிறீச்சிட்டது.

தாத்தா கூப்பிட ஆரம்பித்தார். ஒன்று, இரண்டு என்று நான் மனதுக்குள் எண்ணினேன். ஐஸ் கரைந்து விரல்களுக்கிடையே வழிந்தது. சொட்டுகிற சத்தம் கேட்டுவிடும் என்று உருண்டையை இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் வைத்து அழுத்திக்கொண்டேன். எட்டாவது பெயரைக் கூப்பிட்டுவிட்டு அவர் நின்றார். நின்றுகொண்டே இருந்தார். திரைக்கு அந்தப் பக்கம் அவர் மூச்சு விடுவது கேட்டது. அந்த நிசப்தம் எப்படியாவது முடிந்தால் போதும் என்று இருந்தது. வகுப்பில் அட்டெண்டன்ஸ் எடுக்கும்போது சொல்வதுபோலச் சொல்லிவிட்டேன்.

"ஹாஜிர் சார்."

என் குரல் எனக்கே வேறு யாருடைய குரலாகவோ கேட்டது. தாத்தா திடுக்கிடவில்லை. மெதுவாக நடந்து வந்தார். திரையின் ஓரத்தில் ஒரு கை நுழைந்து, தேடி, என் கையைப் பிடித்தது. என் கை அப்போது ஐஸ்கட்டியாக இருந்தது. திரையை அவர் விலக்கவில்லை. விலக்கினால் என்ன இருக்கும் என்று தெரிந்தவர்போல நின்றார்.

"இன்னமுமா குளிருது?" என்றார். பிறகு கெஞ்சுவதுபோல, "செல்லையா, ஒண்ணே ஒண்ணு கேக்கேன். அன்னைக்குக் காத்துல சரியாக் கேக்கலடே. அறுத்துருங்க சார்னு சொன்னியா, அறுத்துராதீங்க சார்னு சொன்னியா?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. திரையை விலக்கி ஐஸைப் பார்த்துவிடுவாரோ என்பதுதான் என் பயம். அவர் கீழே போனால் போதும்.

"போங்க சார்," என்றேன். "நீங்க போங்க."

பிடி தளர்ந்தது. இரண்டு குதிகால்களும் சேர்ந்து அடிக்கும் சத்தம் கேட்டது. சல்யூட் அடித்திருக்க வேண்டும். பிறகு அவர் இறங்கினார். திரை இடுக்கு வழியாகப் பார்த்தேன். முதல்முறையாக ஏணியின் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியாக இறங்கிக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலையில் அம்மா அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினாள். தாத்தா தரையில் நீட்டிப் படுத்து, வாய் லேசாகத் திறந்திருக்க, குழந்தைபோலத் தூங்கிக்கொண்டிருந்தார். அன்றைக்கு மூன்று மணிக்கு அம்மா பழக்கத்தில் டிவியின் சத்தத்தைக் குறைத்தாள். தாத்தா பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். எழவே இல்லை. அதற்கடுத்த நாளும் எழவில்லை. வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். மூன்றாம் நாள், அதே நேரத்துக்கு நான் தனியாக மேலே போய்ப் பார்த்தேன். புடவைத் திரை அசையாமல் தொங்கிக்கொண்டிருந்தது. பெயரைக் கூப்பிடாததால் யாரோ அதற்குப் பின்னால் காத்துக்கொண்டே இருப்பதுபோல இருந்தது. திரும்பிப் பார்க்காமல் இறங்கிவிட்டேன். 'போங்க சார்' என்று சொன்னது நான்தானா என்ற சந்தேகம் அன்றைக்குத்தான் முதலில் வந்தது. இப்போதும், நான் வேலை பார்க்கும் ஐரோலி ஆபீஸில் ஏசிக்கு அடியில் கை விறைக்கும்போது அந்தச் சந்தேகம் எனக்கு வரும்.

ஞாயிற்றுக்கிழமை தாத்தா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, "ஏட்டி, வா. செம்பூர் வரைக்கும் போயிட்டு வருவோம்," என்றார்.

சயானில் பஸ் ஏறினோம். செம்பூரில் இறங்கியதும் தாத்தா யாரிடமும் வழி கேட்காமல் நடந்தார். இருபது வருடங்களாக அவர் அந்தக் கட்டடத்து வாசல் வரைக்கும் வந்து வந்து திரும்பியிருக்கிறார் என்பது எனக்குப் பிற்பாடுதான் தெரியும். லிஃப்ட் இல்லாத பழைய கட்டடம், மூன்றாவது மாடி. நாங்கள் போய்ச் சேருவதற்கு முன்பே கதவு திறந்திருந்தது. அறுபது வயதிருக்கும் ஓர் அம்மா வாசலில் நின்றார். ஒல்லியான உடம்பு, நீலப் புடவை.

"வாங்க அண்ணாச்சி," என்றார். பிறகு எங்களுக்குப் பின்னால் படிகளைப் பார்த்தார். "இன்னொருத்தர் எங்க?"

"நாங்க ரெண்டு பேருதான், தங்கச்சி."

"மூணு பேரு ஏறி வார சத்தம்லா கேட்டுச்சு," என்றார் அவர். எங்களை உள்ளே உட்காரச் சொன்னார். ஆனால் கதவைச் சாத்தவில்லை.

அவர் செல்லையாவின் மனைவி. கைக்குழந்தையோடு அண்ணன் வீட்டுக்கு மும்பை வந்து, ஒரு பள்ளிக்கூடத்தில் ஆயா வேலை பார்த்து மகளைக் கட்டிக்கொடுத்தவர். தாத்தா உட்காரவில்லை. நின்றுகொண்டே சொன்னார்.

"கயிறு அந்து போகல, தங்கச்சி. எல்லாரும் அப்படித்தான் ஒனக்குச் சொல்லியிருப்பாங்க. நாந்தான் அப்படி எழுதிக்கொடுத்தேன். கயித்த அறுத்தது நான்."

பனிமலையில் எட்டுப் பேரோடு ரோந்து போன நாளை அவர் சொன்னார். வழி பார்க்க அவரும் செல்லையாவும் மட்டும் ஒரே கயிற்றில் கட்டிக்கொண்டு முன்னால் போனார்கள். பனி பிளந்து செல்லையா உள்ளே விழுந்தார். மற்ற ஏழு பேரும் மேட்டுக்கு அந்தப் பக்கம். தாத்தா கூப்பிட்டது காற்றில் போய்விட்டது. கயிற்றோடு அவரும் அங்குலம் அங்குலமாக விளிம்பை நோக்கி இழுபட்டார். கீழேயிருந்து ஒரு குரல் வந்தது. என்ன சொன்னது என்று பிடிபடவில்லை. கத்தியை எடுத்துவிட்டார்.

"போன செவ்வாக்கெழமை வந்தான்," என்றார் தாத்தா. "கையப் புடிச்சேன். பனியாட்டம் இருந்துச்சு. போங்க சார், நீங்க போங்கன்னான். அன்னைக்கும் அதத்தான் சொல்லியிருக்கான். ஒங்கிட்ட வரவும் அவந்தான் சொல்லிட்டான். அதான் வந்தேன்."

கீழே போகச் சொன்னவரை நான் செம்பூருக்கு அனுப்பியிருக்கிறேன்.

அந்த அம்மா அழவில்லை. தாத்தாவைப் பார்க்கவும் இல்லை. என்னைப் பார்த்தார்.

"நீயும் அங்க இருந்தியா?"

தலையாட்டினேன்.

"வந்தாரா?"

தாத்தாவின் முகம் என் பக்கம் திரும்பியிருந்தது. யானைக்கும் கரடிக்கும் அஞ்சாத அந்த முகம் அப்படிக் கெஞ்சி நான் பார்த்ததில்லை. மறுபடியும் தலையாட்டினேன்.

"என்னப் பத்தி ஏதாவது கேட்டாரா?"

இரண்டாவது பொய்க்கு என்னிடம் தைரியம் இல்லை. "இல்ல ஆச்சி," என்றேன். "கேக்கல."

அந்த அம்மா சிரித்தார்.

"அப்ப அவருதான், அண்ணாச்சி. சந்தேகமே வேண்டாம். லீவுல வாரப்பவும் எப்படி இருக்கன்னு ஒரு நாள் கேட்டதில்ல."

தாத்தாவும் சிரித்தார். சிரித்துக்கொண்டே தரையில் உட்கார்ந்து, இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார். அவர் அழுதுமுடிக்கும்வரை அந்த அம்மா பக்கத்தில் நின்றார். தொடவும் இல்லை, ஆறுதலும் சொல்லவில்லை. பிறகு உள்ளே போய் மூன்று டம்ளர்களில் டீ கொண்டுவந்தார். தாத்தாவுக்கு ஒன்று, எனக்கு ஒன்று. மூன்றாவதைத் திறந்திருந்த கதவின் ஓரமாகத் தரையில் வைத்தார். நாங்கள் கிளம்பும்வரை அதை அவர் எடுக்கவில்லை.

தாத்தா அதற்குப் பிறகு மூன்று வருடங்கள் இருந்தார். எந்தப் பெயரையும் கூப்பிடவில்லை. எல்லா நாளும் படுத்தே தூங்கினார், கடைசி நாளும் அப்படித்தான். மேலே திரைக்குப் பின்னால் இருந்தது யார் என்று நான் அவரிடம் சொல்லவே இல்லை.

அன்றைக்கு அந்த அம்மா படிக்கட்டு வரைக்கும் வந்தார். தாத்தா முன்னால் இறங்கிப் போனதும் குனிந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். விரல்களையும் உள்ளங்கையையும் நிதானமாகத் தடவிப் பார்த்தார். என் தொண்டைக் கரகரப்பைக் கேட்டவர்தான் அவரும்.

"மறுபடியும் வந்தார்னா," என்று காதோடு சொன்னார், "என்னப் பத்தி ஒரு வார்த்த கேக்கச் சொல்லு."

"சரி ஆச்சி," என்றேன். மாட்டிக்கொள்ளாமல் தப்பித்த சந்தோஷத்தில் படிகளை இரண்டிரண்டாகத் தாண்டி இறங்கினேன். செல்லையாவாகப் பதில் சொன்னது நான்தான் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது என்பதும், தெரிந்த பிறகும் அதைச் சொல்லித்தான் அனுப்பினார் என்பதும் எனக்குப் புரிய வெகுகாலம் ஆயிற்று.