பெண் பார்க்கப் போன இடத்தில் ஒரு தாழ்ப்பாள்

என் கணவர் ஆனந்தராஜின் போனில் நாலாயிரத்துச் சொச்சம் படங்கள் இருக்கின்றன. அதில் மனுஷ முகம் ஒன்றுகூடக் கிடையாது, என் முகம் உட்பட. எல்லாம் பழைய வீட்டுக் கதவுகள். முழுக் கதவாவது எடுத்தால் பரவாயில்லை. தாழ்ப்பாள், நாதாங்கி, ஆணித்தலை, கை பட்டுப் பட்டு வழவழத்துப்போன குமிழ் என்று துண்டு துண்டாக எடுப்பார். மைசூருக்குப் போய் வந்ததற்கு அத்தாட்சி கேட்டால் எங்களிடம் இருப்பது இரண்டு கீலும் ஒரு சாவித் துவாரமும்தான்.

ஓசூரில் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் அவர் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். எட்டு மணி நேரமும் ஒரே மாதிரி இரும்புத் துண்டுகளை அளந்து, மயிரிழை வித்தியாசம் இருந்தாலும் ஒதுக்கித் தள்ளுகிற வேலை. ஆறு வருஷத்துக்கு முன்னால் ராயக்கோட்டை போகிற வழியில், உத்தனப்பள்ளியில் பைக் பஞ்சர் ஆனது. ஒட்டி முடிக்கிற வரைக்கும் எதிர்வீட்டுக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். "ரூபா, இங்க பாரு. அஞ்சு ஆணி, அஞ்சும் அஞ்சு சைஸு. எங்க கம்பெனியா இருந்தா அஞ்சையும் தூக்கிப் போட்டுருப்போம். ஆனா கதவு ஒரு நூலு எறங்கல பாரு" என்றார். அன்றைக்குப் பிடித்த பைத்தியம் இன்னும் தெளியவில்லை.

லீவு நாளானால் தளி, தேன்கனிக்கோட்டை, எல்லை தாண்டி ஆனேக்கல் என்று கிளம்பிவிடுவார். வாசலில் நிற்பவர் கன்னடக்காரர் என்றால் "பாகிலு சென்னாகிதே" என்பார், தெலுங்குக்காரர் என்றால் "தலுப்பு பாகுந்தி" என்பார். கதவைப் புகழ்ந்தால் எந்த பாஷைக்காரருக்கும் முகம் மலர்ந்துவிடுகிறது. கேட்காமல் ஒரு படம் எடுக்கமாட்டார், அதை நான் ஒப்புக்கொண்டாக வேண்டும். கேட்காமல் எடுத்தது ஒரே ஒரு தடவை. அதற்கும் காரணம் நான்தான்.

போன தை மாதம் என் தம்பி சிவராஜுக்குப் பெண் பார்க்க, காவேரிப்பட்டினத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்துக்குப் போனோம். தம்பிக்கு முப்பத்தேழு வயது. கையில் வேலை இருக்கிறது, ஊத்தங்கரையில் நிலம் இருக்கிறது, வாய்தான் இல்லை. போகிற இடத்திலெல்லாம் கல்லுளிமங்கன் மாதிரி தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். பதினொரு வீட்டில் "கலந்து பேசிட்டு போன் பண்றோம்" என்றார்கள், ஒரு வீட்டிலிருந்தும் போன் வரவில்லை. "இதுவும் இல்லைன்னா விட்டுரு அக்கா, இனிமே நான் எங்கியும் வரல" என்று சொல்லிவிட்டுத்தான் காரில் ஏறினான். சொன்னால் சொன்னதுதான், அவன் சுபாவம் எனக்குத் தெரியும். 

அந்தப் பயத்தையெல்லாம் கணவர்மேல் எரிச்சலாகக் காட்டினேன். "அங்க வந்து கதவப் பத்தி யார்கிட்டயாவது ஒரு வார்த்த கேட்டீங்கன்னா நடக்கறதே வேற" என்றேன். சரி என்று தலையாட்டினார்.

பெண்ணின் அப்பா மாதப்பன் மாந்தோப்புக்காரர். நல்ல மனுஷர், வாசலுக்கே வந்து கூப்பிட்டார். அந்த வாசலைப் பார்த்ததுமே கணவர் பக்கம் திரும்பி முறைத்தேன். ஆள் உயரத்துக்கு மேல் இரட்டைக் கதவு, பூவும் கொடியுமாகச் செதுக்கியது. என் கணவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு உள்ளே வந்தார். வந்தவர் கதவுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

விசாரிப்புகள் முடிந்து, பெண் மணிமேகலை காபித் தட்டோடு சமையலறையிலிருந்து வெளியே வந்தாள். சமையலறை வாசலும், சுவரை ஒட்டித் திறந்து கிடந்த அந்த வாசல் கதவும் பக்கம் பக்கம். சரியாக அந்த நேரத்தில் என் கணவர் குனிந்து போனை நீட்டினார். 'கிளிக்' என்று சத்தம் எல்லோருக்கும் கேட்டது.

பெண்ணின் சித்தப்பா எழுந்துவிட்டார். "என்னாங்க இது? கேக்காம கொள்ளாம பொண்ண போட்டோ எடுக்கறீங்க? போன வருசம் ஒருத்தன் இப்படித்தான் எடுத்துட்டுப் போயி, சொந்தக்காரங்க குரூப்புல போட்டு நெறம் கம்மின்னு பேசுனானுங்க. எங்க பொண்ணு ஒரு மாசம் வேலைக்கே போகல."

"நான் தாழ்ப்பாளத்தாங்க எடுத்தேன்" என்றார் என் கணவர். ஒருவரும் நம்பவில்லை. நானே அந்த இடத்தில் இருந்தால் நம்பியிருக்கமாட்டேன். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்ததே என்று எனக்கு அழுகை முட்டியது.

அப்போது என் தம்பி எழுந்து நின்றான்.  மாமாவின் கையிலிருந்த போனை வாங்கிச் சித்தப்பாவிடம் நீட்டினான்.

"நீங்களே பாருங்க. எங்க மாமா அப்படிப்பட்ட ஆளு இல்லீங்க. பொண்ணு குடுக்கலன்னாலும் பரவால்ல. அவர தப்பா நெனச்சுக்கிட்டு மட்டும் எங்கள அனுப்பாதீங்க."

பதினொரு வீட்டிலும் சேர்த்து அவன் இவ்வளவு பேசியதில்லை. எனக்குப் பெருமையாக இருந்தது, சம்பந்தம் போகிற துக்கத்திலும்.

சித்தப்பா படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். "கதவு... கதவு... இதுவும் கதவுதான்... என்னாது இது, கொக்கியா?" மாதப்பன் எட்டிப் பார்த்தார். கோபம் போய் இருவர் முகத்திலும் குழப்பம் வந்தது. மணிமேகலை தட்டை வைத்துவிட்டு வந்து போனை வாங்கினாள். கடைசிப் படத்தில் தாழ்ப்பாள் முனையில் ஒரு சின்னக் கிளித் தலை தெரிந்தது. ஓரத்தில் அவளுடைய கட்டை விரலும் ஒரு டம்ளரும்.

"தெனமும் இதத்தான் தொறந்து சாத்தறேன். இதுல கிளி இருக்கறத பாத்ததே இல்ல" என்றாள்.

"அழிச்சிடறேம்மா" என்றார் இவர்.

"வேணாங்கண்ணா. கேட்டுட்டு எடுத்திருந்தா சரின்னுதான் சொல்லியிருப்பேன்." பிறகு என் தம்பியைப் பார்த்தாள். "நீங்க பேசவே மாட்டீங்கன்னு புரோக்கர் சொன்னாரு?"

"தேவைப்பட்டா பேசுவேங்க" என்றான். அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

ஆறிப்போன காபியைக் குடித்தோம். கிளம்பும்போது மாதப்பன் சிவராஜைப் பார்த்துக் கைகூப்பி, "தம்பி, தப்பா எடுத்துக்காதீங்க. நாங்க கலந்து பேசிட்டு போன் பண்றோம்" என்றார். அந்தச் சொல் எனக்கு மனப்பாடம். பன்னிரண்டு என்று எண்ணிக்கொண்டு படி இறங்கினேன். தம்பி தலை குனிந்தபடி வந்தான்.

என் கணவர் மட்டும் இறங்கவில்லை. "அம்மா, இந்தத் தடவை கேட்டுட்டே எடுக்கறேன். இந்தக் கொடி ரெண்டு கதவுலயும் ஓடுது. சாத்துனாத்தான் சேந்து தெரியும். ஒரு நிமிசம் சாத்தி எடுத்துக்கட்டுங்களா?" என்று பெண்ணின் அம்மா வெங்கடம்மாளிடம் கேட்டார். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றியது.

"நல்லா இருக்குதே. நல்ல காரியம் பேச வந்தவங்க வாசல்ல நிக்கறப்ப கதவ சாத்துவாங்களா?" என்றார் அந்த அம்மாள். சொல்லிவிட்டு உள்ளே திரும்பி மகளைப் பார்த்தார். மணிமேகலை தலையசைத்தது எனக்கும் தெரிந்தது. "கல்யாணம் முடிஞ்சு விருந்துக்கு வருவீங்கல்ல, அன்னிக்கு சாத்தி வச்சு எத்தன வேணா எடுத்துக்குங்க."

நான் படியிலேயே நின்றுவிட்டேன். கண் நிறைந்துவிட்டது. மாதப்பன் மனைவியைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். பிறகு வாசலில் தடுமாறிக்கொண்டிருந்த என் தம்பியிடம், "மாப்பிள்ள, உங்க செருப்பு அந்தப் பக்கம் கெடக்குது பாருங்க" என்றார்.