கண்ணாடி ஜெயகரன்

ராணிப்பேட்டை சிப்காட்டில் ஜெயகரன் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. கண்ணாடி ஜெயகரன் என்றால் பட்டறை வரை கூட்டிவந்து விட்டுவிடுவார்கள். தோல் உலர்த்தும் வேக்கும் டிரையரின் எஃகுத் தட்டை முகம் தெரிகிற மாதிரி பாலிஷ் போடுகிறவர் அவர். தட்டில் ஒரு கோடு இருந்தால் அது அப்படியே தோலில் விழும், அந்தத் தோலை எவனும் வாங்கமாட்டான். அந்த ஒரு கோட்டைத் துரத்தியே இருபத்தாறு வருஷம் ஓட்டிவிட்டார். துணிச் சக்கரத்தில் பச்சை மெழுகுக்கட்டியைத் தடவித் தேய்த்ததில் கிடைத்த இருமலை ஞாயிற்றுக்கிழமை கோயிலிலும் அடக்க முடியாது அவரால்.

அதே பட்டறையில் லேத் ஓட்டுகிறவன் நான். டிரையர் ஆர்டர் குறைந்துகொண்டே வந்து போன வருஷம் சுத்தமாக நின்றது. அப்போதுதான் ஓர் ஆராய்ச்சிக்கூடத்துக்கு வேக்கும் சேம்பர், அதாவது உள்ளே காற்றே இல்லாமல் உறிஞ்சி வைக்கிற எஃகுக் கூடு, செய்யும் வேலை வந்தது. முதலாளி வக்கார் அகமது பாய் ஜெயகரனைக் கூப்பிட்டார்.

“ஜெயகரா, இது பாஸாச்சின்னா இன்னும் பன்னெண்டு வருது. உன் செக்‌ஷன் நிக்கும். இல்லன்னா மூட வேண்டியதுதான், என்னால முடியல.”

உட்புறத்தின் சொரசொரப்பு 0.8 மைக்ரானைத் தாண்டக்கூடாது என்று வரைபடத்தில் இருந்தது. லேத்திலேயே அதைக் கொண்டுவந்திருந்தேன். ஜெயகரன் விரலால் தடவிப் பார்த்துச் சிரித்தார்.

“இன்னாப்பா, ஏர் ஓட்டி வெச்சிருக்க?”

தாண்டக்கூடாது என்றால், குறையக் குறைய நல்லது என்றுதானே தோன்றும்? பத்தொன்பது நாள் அதற்குள் தலையை விட்டுக்கொண்டு 0.05-க்கு இறக்கினார். பாய்கூட அதில் பார்த்துத் தொப்பியைச் சரிசெய்துகொண்டார். அவ்வளவு அழகு. நாங்கள் எல்லோரும் போட்டோ எடுத்தோம்.

சோதனையில் மானம் போனது. பம்ப் காற்றை உறிஞ்ச உறிஞ்ச அழுத்த மீட்டரில் இறங்கிவந்த எண், பாதியில் நின்றது. குவாலிட்டி பார்க்கும் ஜெனிஃபா இரண்டு நாள் ஒவ்வொரு இணைப்பாக ஓட்டை தேடினாள். உள்ளே ஈரமிருக்குமோ என்று சூடேற்றிப் பார்த்தாள். எண் அசையவில்லை.

“லீக் இல்ல பாய். உள்ள இருந்தே வருது. சக்கரம் எஃகை இழுத்துக் கோட்டை மூடறப்ப உள்ள மெழுகையும் சேத்து மூடிடுச்சி. இப்ப அது ஆவியா கக்கிக்கினே இருக்கு.”

அமிலத்தில் எஃகின் மேல்தோலை அரித்து எடுக்கலாமாம். அந்தச் செலவுக்குப் புது சேம்பரே செய்துவிடலாம். பத்தொன்பது நாள் கூலியும் தண்டம்.

மெழுகும் துணிச் சக்கரமும் கூடாது என்று வரைபடத்தின் இரண்டாம் தாளில் எழுதியிருந்தது. அந்தத் தாள் என் டூல் பெட்டிக்கு அடியில் கிடந்தது. பாலிஷ் சமாச்சாரம் நமக்கெதற்கு என்று நான்தான் போட்டுவைத்தேன். கொடுத்திருந்தாலும் அந்த சேம்பரில் அவருக்கு வேலை இருந்திருக்காது என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். அது உண்மையும்கூட. ஆனாலும் அவரிடம் இன்றுவரை சொல்லவில்லை.

கெட்டதற்குப் பதிலாக நாங்கள் செய்துதர வேண்டிய சேம்பரின் வரைபடத்தில் முதல் தாளிலேயே சிவப்பில் போட்டு அனுப்பினார்கள்: லேத் முடிந்ததும் கழுவினால் போதும், பாலிஷ் வேண்டாம். பாய் சுவரைப் பார்த்துக்கொண்டே, மாசக் கடைசியோடு செக்‌ஷனை மூடுவதாகச் சொன்னார். ஜெயகரன் ஜெனிஃபாவைப் பார்த்தார்.

“அப்ப கோடு இருந்தாம்மா?”

“இருக்கலாம் அங்கிள். சுத்தமா இருந்தா போதும்.”

“கோடு இருக்கலாமா?”

அவள் தலையாட்டினாள். அவர் நம்பவில்லை. என் லேத்துக்கு வந்து, ஓடுகிற சத்தத்தை மீறிக் கேட்டார்.

“நீ சொல்லுப்பா. கோடு இருக்கலாமா?”

அந்த இரண்டாம் தாள் என் டூல் பெட்டிக்கு அடியிலேயே கிடந்தது.

“இருக்கலாம்ணே” என்றேன்.