கருப்பு ஓரம் வைத்த வாழ்த்து அட்டை

எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில், யாருக்கும் பிறந்த நாள் என்று ஒன்று கிடையாது. பிறந்திருந்தோம், அவ்வளவுதான். எப்போது என்று கேட்டால், "பெரிய மண்சரிவு வந்துச்சே, அதுக்கு முந்தி" என்பார்கள். இல்லையென்றால், "கீழ் மலையில கவ்வாத்து வெட்டுன மாசம்" என்பார்கள். தேயிலைச் செடியை எந்த மாதம் வெட்டினார்கள் என்பது நினைவிருக்கும், பெற்ற பிள்ளையின் தேதி நினைவிருக்காது. எனக்கு அதில் கோபம் வரும். எனக்கு எதில்தான் கோபம் வராது? "இவளுக்கு மூக்கு நுனியிலதான் குடித்தனம்" என்று அம்மா என் கோபத்தைச் சொல்லிச் சிரிப்பாள்.

நான் அப்போது துரை பங்களாவில் பிள்ளை பார்க்கும் ஆயாவுக்குக் கையாளாகப் போய்க்கொண்டிருந்தேன். துரைசாணியின் சின்ன மகளுக்குப் பிறந்த நாள் வந்தால் அங்கே தீபாவளிதான். அதற்கு முன் ஒரு வாரம் தாயும் மூத்த மகளும் தரையில் உட்கார்ந்து வாழ்த்து அட்டைக்குக் காகிதம் வெட்டுவார்கள், ஒட்டுவார்கள், வர்ணம் தீட்டுவார்கள். கடையில் வாங்க வக்கில்லாதவர்களா? கையால் செய்து கொடுத்தால்தான் பிரியமாம். கீழே விழும் துண்டுகளைக் கூட்டி அள்ளுவது என் வேலை. அள்ளும்போதே எப்படி மடிக்கிறார்கள், எங்கே பசை தடவுகிறார்கள் என்று பார்த்துக்கொள்வேன். பார்த்தால் கை தானே கற்றுக்கொள்ளும்.

அந்த வருஷம் மாசி மாதத்தில் நானும் ஒரு அட்டை செய்வது என்று முடிவெடுத்தேன். என் அக்காவுக்கு.

அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். மாசியில் எங்கள் தோட்டத்தில் காமன் கூத்து நடக்கும். காமனை ஊன்றி, ஆடிப் பாடி, பௌர்ணமியில் எரிப்பார்கள். காமன் எரிந்ததும் ரதி மாரடித்து அழுவாள். முந்தின வருஷம் காமன் வேஷம் கட்ட றொசல்லப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒருவர் வந்தார். கூத்து முடிந்து காமனும் எரிந்தது, அக்காவையும் காணோம். வேஷம் கட்டியவரோடு போய்த் தாலி கட்டிக்கொண்டாள்.

அப்பா சத்தம் போடவில்லை. லயத்துக்குப் பின்னால் இருக்கிற பீலிக்குப் போய், கொட்டுகிற தண்ணீரில் தலையை நீட்டி நின்றார். ஈரத்தோடு வந்து, "அவ செத்துட்டா. நான் தலை முழுகிட்டேன். இந்தக் காம்பராவுல அவ பேச்ச எடுத்தா நானும் பொணந்தான்" என்றார். அதற்குப் பிறகு யார் பேச்சை எடுப்பார்கள்?

ஆனால் ஐப்பசியில் சேதி வந்தது, அக்கா முழுகாமல் இருக்கிறாள் என்று. தலைப்பிரசவம் தாய் வீட்டில்தானே நடக்க வேண்டும். அவளுக்கு மாமியாரும் இல்லை. அம்மா கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டு அடுப்படியில் உட்கார்ந்து அழுவாள். அப்பா வந்தால் புகை என்பாள். அக்காவை வீட்டுக்குக் கூப்பிட அப்பாவின் ஒரு வார்த்தை வேண்டும். அந்த வார்த்தை வரவில்லை. மாசியும் வந்துவிட்டது, அவளுக்கு ஏழு மாதம் ஆகிவிட்டது.

அக்கா பிறந்தது காமன் ஊன்றிய மறுநாள். அம்மாவுக்கு அது மட்டும் மறக்கவில்லை, அன்றைக்குத் தப்பு மேளச் சத்தத்தில் மருத்துவச்சி சொன்னது எதுவும் காதில் விழவில்லையாம். சரி, அதுதான் பிறந்த நாள் என்று வைத்துக்கொண்டேன். நம்மை நினைக்க ஒரு ஆள் இருக்கிறாள் என்றாவது அவளுக்குத் தெரியட்டும்.

அட்டைக்கு டவுனில் துணிக்கடை முஸ்லிம் நானாவிடம் போனேன். துணிச் சுருளுக்கு நடுவே இருக்கும் அட்டையைக் கேட்டேன். "என்னத்துக்கு புள்ள?" என்றார். "பிறந்த நாளுக்கு" என்றேன். "யாருக்கு, தொரைக்கா?" என்று சிரித்தாலும் நல்லதாகப் பார்த்து ஒன்றை எடுத்துக் கொடுத்தார். பங்களாத் தோட்டத்து பீட்ரூட்டை அரைத்து, தேயிலைப் பெட்டிக்குள் வைக்கும் மெல்லிய காகிதத்தை அந்தச் சாற்றில் நனைத்துக் காயவைத்து ரோசாப்பூ செய்தேன். பளபளப்புக்கு ஈயத்தாள் இருந்தது. அப்பா ஃபாக்டரியில் தேயிலைப் பெட்டி அடிக்கிறவர். பெட்டிக்குள் ஈயத்தாள் விரித்து, தூளைக் கொட்டி, மூடி ஆணி அறைவார். வெட்டி விழுகிற ஓரத் துண்டுகளைக் கொண்டு வந்து கூரை இறப்பில் செருகி வைப்பார். எதற்கென்று யாருக்கும் தெரியாது, கொண்டு வருவார்.

ரேஷன் கோதுமை மாவில் பசை காய்ச்சினேன். அட்டையை இரண்டாக மடித்து, உள்ளே ரோசாப்பூவை ஒட்டி, "அக்காவுக்குப் பிறந்த நாள் வாழ்த்து. நீ நல்லா இருக்கணும்" என்று எழுதினேன். அக்காவுக்கு வாசிக்கத் தெரியாது. மச்சான் வாசித்துச் சொல்லட்டும் என்று நினைத்தேன்.

அம்மா பார்த்துவிட்டு, "நாலு மூலையிலயும் மஞ்சத் தடவுடி. நல்ல காரியத்துக்கு அனுப்புறது" என்றாள்.

"தொரைசாணி கார்டுல எங்கேம்மா மஞ்ச இருக்கு? கொழம்புக் கறைன்னு சிரிப்பாங்க."

"உங்கக்கா என்ன தொரைசாணியா?"

"இது என் கார்டு. நீங்க போயி கொழுந்து பறிங்க."

பேச்சைப் பாருங்கள். அம்மா முறைத்துவிட்டு மலைக்குப் போய்விட்டாள். அவள் போன பிறகு அட்டையைத் தள்ளி வைத்துப் பார்த்தேன். வெள்ளை அட்டையில் ஈயத்தாளை வைத்துப் பார்த்தால் எடுப்பாக இல்லை. வெள்ளி தெரிய வேண்டுமானால் பக்கத்தில் கருப்பு வேண்டும். விளக்குக் கரியை வழித்துப் பசையில் குழைத்தேன். வெளிப்புறத்தைச் சுற்றி விரல் அகலத்துக்குக் கருப்பு ஓரம் இழுத்தேன். அந்தக் கருப்பின் மேல் ஈயத்தாளை மெல்லிய கீற்றாக வெட்டிப் பதித்தேன். அடடா, என்ன அழகு! பங்களாவில்கூட அப்படி ஒன்று வந்ததில்லை என்று நானே என்னை மெச்சிக்கொண்டேன். மடித்த அட்டையின் ஓரத்தைப் பசையால் ஒட்டி மூடி, மேலே விலாசம் எழுதி, முத்திரை ஒட்டி, தலவாக்கலை தபால் பெட்டியில் போட்டேன்.

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதை இனிமேல்தான்.

காமன் ஊன்றிய மறுநாள் பின்னேரம். நான் பங்களாவிலிருந்து வந்து அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தேன். அம்மா கொழுந்து நிறுக்கிற இடத்திலிருந்து இன்னும் வரவில்லை. அப்பா வாளியும் துண்டுமாகப் பீலிக்குப் போயிருந்தார். கோயில் வளைவுப் பக்கமிருந்து ஒரு ஒப்பாரிச் சத்தம் மேலே ஏறி வந்தது. சாவு வீட்டுக்கு வருகிற பெண் எங்கள் பக்கத்தில் அப்படித்தான் வருவாள். தோட்டத்து எல்லையை மிதித்ததும் அழத் தொடங்கி, அழுதுகொண்டே வந்து சேருவாள்.

வெளியே ஓடினேன். அக்கா. தலை அவிழ்ந்து கிடக்கிறது, வயிறு முன்னால் நிற்கிறது, ஒரு கையால் இடுப்பைத் தாங்கிக்கொண்டு ஏறி வருகிறாள். பக்கத்துக் காம்பராப் பெரியம்மா பார்த்ததுதான் தாமதம், "ஐயோ, எம்மவளே!" என்று ஓடிப்போய்க் கட்டிக்கொண்டாள். லயத்துப் பெண்கள் எல்லாரும் கூடிவிட்டார்கள். எங்கள் காம்பரா வாசல் திண்ணையில், இஸ்தோப்பில், அவளை உட்காரவைத்து, வட்டமாகக் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழத் தொடங்கினார்கள். யார் செத்தது என்று ஒருத்தியும் கேட்கவில்லை. ஒப்பாரி வைக்கிறவளிடம் கேள்வி கேட்பது வழக்கமில்லை. அவள் வந்த கோலத்தைப் பார்த்து மச்சான்தான் போய்விட்டார் என்று பெரியம்மாவாகவே முடிவு கட்டி, பூவும் பொட்டும் போச்சே என்று ஒரு பாட்டு எடுத்தாள். அக்கா அது காதில் விழாமல் தன் பாட்டைப் பாடிக்கொண்டிருந்தாள்.

"பெட்டி அடிச்ச கையி
பேசாமப் போயிருச்சே,
எட்டி நின்னு பார்க்கக்கூட
எனக்குக் குடுப்பன இல்லையே,
என்னப் பெத்த அப்பாவே!"

எனக்குச் சுரீர் என்றது. அவள் மடியைப் பார்த்தேன். என் அட்டை செருகியிருந்தது. கோதுமை மாவுப் பசை காய்ந்து, ஈயக் கீற்று முழுக்கத் தபால் பையில் உதிர்ந்துவிட்டது. கருப்பு ஓரம் மட்டும் போய்ச் சேர்ந்திருக்கிறது. கருப்பு ஓரம் போட்ட கடுதாசி வந்தால் என்ன அர்த்தம் என்று எங்கள் ஆட்களில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். எனக்குத் தெரியாதா? தெரியும். அழகைப் பார்த்ததில் அறிவு போய்விட்டது. தபால்காரர் அதைக் கையில் கொடுக்காமல் வாசலில் வைத்துவிட்டு, "மனசத் தேத்திக்க தாயி" என்று சொல்லிப் போயிருக்கிறார். அவள் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. பிறந்த வீட்டில் காலம் ஆகக்கூடியவர் யார், அப்பாதான் என்று முடிவு செய்து, மலையில் வேலையாயிருந்த மச்சானிடமும் சொல்லாமல் ரயிலேறிவிட்டாள். மாசமாக இருக்கிறவள் சாவு வீட்டு வாசலை மிதிக்கக்கூடாது என்பதும் அவளுக்குத் தெரியாததல்ல.

"அக்கா, அப்பா சாகலக்கா! அது என் கார்டுக்கா!" என்று கத்தினேன். அந்தச் சத்தத்தில் யாருக்குக் கேட்கும்? ஒருத்தி என்னையும் இழுத்துக் கட்டிக்கொண்டு அழுதாள்.

அப்போதுதான் அப்பாவைப் பார்த்தேன். லயத்துக் கோடியில், ஈரத் துண்டோடு, கையில் தண்ணீர் வாளியோடு நின்றார். பெண்கள் எல்லாரும் அவருக்கு முதுகு காட்டி இருந்தார்கள். நான் வாயைத் திறந்தேன். அவர் ஒரு விரலை உயர்த்தினார், பேசாதே என்று.

அக்கா பாடினாள். சின்ன வயதில் அவர் தோளில் தூக்கிப் போய்ப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற பிள்ளைக் காம்பராவில் விட்டதைப் பாடினாள். காய்ச்சலில் கிடந்தபோது கம்பளியை அவளுக்குப் போர்த்திவிட்டு அவர் சாக்கைப் போர்த்திக்கொண்டதைப் பாடினாள். தலை முழுகிவிட்டேன் என்றாரே, அதையும் விடவில்லை.

"தலை முழுகிப் போனேன்னு
தண்ணியில சொன்னீங்களே,
தண்ணி வத்திப் போகுமுன்னே
தனியாப் போனீங்களே!"

கடைசியாக ஒன்று பாடினாள். அது எனக்குத் தெரியாத சங்கதி. நான் பிறக்கும் முன்பே நடந்ததாக இருக்க வேண்டும்.

"ஈயத்தாள் வெட்டி வந்து
எங்காலு அளவெடுத்து
வெள்ளிக் கொலுசுன்னு
வெளையாட்டாப் பூட்டிவிட்ட
கையி எங்க, காலு இங்க,
என்னப் பெத்த அப்பாவே!"

வாளி கீழே விழுந்தது. தண்ணீர் இஸ்தோப்பு வரைக்கும் ஓடி வந்தது. அக்கா நிமிர்ந்து பார்த்தாள். பார்த்தவள் "அம்மா!" என்று அலறிப் பின்னால் சாய்ந்தாள். பெரியம்மா அப்பாவையும் அக்காவையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "அப்ப நான் யாருக்குடி அழுதேன்?" என்றாள்.

அப்பா இரண்டு எட்டு முன்னால் வந்தார்.

"வயித்துப் புள்ளக்காரி… இப்படியா மலையேறி ஓடியாருவ? புள்ளைக்கு என்னாவது ஆனா?" என்றார். பிறகு முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். துண்டும் ஈரம், முகமும் ஈரம். "தானாடாட்டாலும் தன் சதை ஆடும்" என்று பெரியம்மா மூக்கைச் சிந்தினாள். அவளால் அதோடு சும்மா இருக்க முடியுமா? "அதுசரி, காமன இன்னும் எரிக்கல, அதுக்குள்ள ரதி வந்து அழுதுட்டாளே!" என்றாள். அழுத பெண்களெல்லாம் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தாள், விக்கலோடு.

அதற்குள் அம்மா வந்துவிட்டாள். கூட்டத்தைப் பார்த்ததும் கூடையோடு தடுமாறினாள். அப்பா அக்காவிடம் நேராக எதுவும் சொல்லவில்லை, அம்மாவிடம்தான் சொன்னார். "ஒம் மகள உள்ள கூட்டிட்டுப் போ. சோறு போடு. புள்ள பொறக்கற வரைக்கும் எங்கயும் போக வேணாம்." அந்த வார்த்தைக்குத்தான் ஐப்பசியிலிருந்து காத்திருந்தோம். அம்மா அங்கேயே உட்கார்ந்து, புகை என்று சாக்குச் சொல்லாமல் அழுதாள்.

பிறகு அப்பா என்னிடம் கையை நீட்டினார். அட்டையைக் கொடுத்தேன். அடி விழும் என்று நினைத்தேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "கோதும மாவுப் பச ஈயத்துல நிக்குமா? பெட்டி அடிக்கிறவன் மக, இதுகூடத் தெரியாது" என்றார். உள்ளே ரோசாப்பூ நசுங்கிக் கிடந்தது. அதை விரலால் நீவி நிமிர்த்தி வைத்தார். சாவு ஓலையை வீட்டுக்குள் வைக்கக்கூடாது என்று பெரியம்மா சொல்லச் சொல்ல, அதைக் கொண்டுபோய் இறப்பில் செருகினார். அம்மா மட்டும் ஓடிப்போய் நாலு மூலையிலும் மஞ்சள் தடவிவிட்டு வந்தாள்.

சித்திரையில் அக்காவுக்குப் பெண் பிறந்தது. மச்சானும் வந்து நின்றார், அப்பா முகத்தைப் பார்க்காமல் அவருக்கு வெற்றிலைத் தட்டைத் தள்ளினார். பிள்ளைக்கு முப்பதாம் நாள் தீட்டுக் கழித்த அன்று இறப்பிலிருந்து ஈயத்தாளை எடுத்து, மடித்து, முறுக்கி, அந்தச் சின்னக் காலுக்கு ஒரு கொலுசு செய்தார். பிள்ளை உதைத்ததில் ஒரு நாழிகையில் கிழிந்துவிட்டது. மறுபடியும் செய்தார்.

அப்பா போனது பல வருஷம் கழித்து, நெஞ்சுச் சளியில். இரண்டு சர்க்காரும் ஒப்பந்தம் போட்டு, எங்கள் ஆட்களில் இந்தியாவுக்கு யார் போவது, இங்கே யார் இருப்பது என்று லயமெல்லாம் பேச்சாய்க் கிடந்த காலம் அது. அக்கா வந்தாள். கோயில் வளைவில் சத்தமில்லை. பேசாமல் ஏறி வந்து, அப்பாவின் தலைமாட்டில் உட்கார்ந்து, அவர் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். மற்றவர்கள் பாடினோம். மூத்த மகள் பாடவில்லையே என்று ஊரே பார்த்தது. பெரியம்மா பொறுக்கமாட்டாமல் அவளை இடித்தாள்.

"மூத்தவ நீதானடி. ஒரு பாட்டு எடு. அவரு போற நேரம்."

அக்கா அந்தக் கையைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

"நான் பாடிட்டேன் பெரியம்மா" என்றாள். "அவரு கேட்டுட்டாரு."