பேலஸுக்கு அவதி

மட்டாஞ்சேரி அரண்மனையின் கதவு பூட்டியிருக்கிறது. வெள்ளிக்கிழமை திறப்பதில்லையாம். என் மனைவி செல்வி ஓவிய ஆசிரியை. உள்ளே இருக்கும் ராமாயணச் சுவரோவியங்களைப் பார்க்கத்தான் விருதுநகரிலிருந்து வந்திருக்கிறோம். சாயங்காலம் ஊருக்கு ரயில். ஏமாற்றத்தோடு திரும்பி நடக்கிறாள்.

மிளகும் சுக்கும் மணக்கும் கிடங்குத் தெருவில் ஒரு சாயாக்கடைக்குள் நுழைகிறோம். வேகவைத்த மரவள்ளிக்கிழங்குக் கப்பையும் மீன்கறியும் வாங்குகிறேன். சிவந்த குழம்பில் குடம்புளி கிடக்கிறது. செல்வி தட்டைத் தொடவில்லை.

கடைக்காரச் சேட்டன் அவள் முகத்தைப் பார்க்கிறார். "எந்தா சேச்சி, ஒண்ணும் சாப்பிடலையே?"

"அரண்மனை பூட்டியிருக்குங்க," என்கிறேன் நான்.

"அதே, வெள்ளிக்கிழமை பேலஸுக்கு அவதியாக்கும்."

செல்வி நிமிர்கிறாள். "அவதி எனக்குங்க. பேலஸுக்கு என்ன அவதி?"

மலையாளத்தில் அவதி என்றால் விடுமுறை என்று சேட்டன் விளக்கியதும் அவளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. சிரித்தபடியே கப்பையைப் பிட்டுக் குழம்பில் தோய்த்து வாயில் போடுகிறாள். காரத்தில் கண்ணில் நீர் கோக்கிறது.

"இன்னும் கொஞ்சம் வைங்கண்ணே," என்று சேட்டனிடம் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்புகிறாள். "ரயில் டிக்கெட்டை கேன்சல் பண்ணுங்க. நாளைக்கு அரண்மனையைப் பார்த்துட்டு, மத்தியானம் இங்கயே சாப்பிடுவோம்."