படுக்கைக்கு மேலே ஓடிய தகரக் குழாய்

சிரிக்கும்போதுதான் முதலில் தெரிந்தது. தேயிலைத் தொழிற்சாலையின் பேக்கிங் அறையில் பக்கத்து மேசைக்காரி யாரையோ கேலி செய்ய, வழக்கம்போல வாய்விட்டுச் சிரித்தேன். பாதிச் சிரிப்பிலேயே மூச்சு தீர்ந்துவிட்டது. மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வயசாகிவிட்டது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எனக்கு ஐம்பத்திரண்டு.

பிறகு வறட்டு இருமல் வந்தது. அதன் பிறகு விடியும்போது காய்ச்சல், நடுக்கம், அடித்துப் போட்டாற்போல உடம்புவலி. வேலைக்குப் போய் மத்தியானமானால் தேவலை. மறுநாள் விடிந்தால் திரும்பவும் அதே கூத்து. கேமரன் மலையில் இருமலுக்காக யாரும் வைத்தியரைத் தேடி ஓடுவதில்லை. மிளகு ரசம் குடித்தே நானும் இரண்டு மாதத்தை ஓட்டினேன்.

வீட்டைத் துடைத்து வைத்துக்கொண்டு, காரணம் தெரியாமல் இருமிக்கொண்டிருக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். எனக்குப் பொறுமை என்றைக்கும் குறைவு. இருந்த கொஞ்சத்தையும் இந்த நோய் தின்றுவிட்டது. அதனால் சுற்றி வளைக்கப்போவதில்லை.

டவுனில் ஒரு கிளினிக்குக்குப் போனேன். "பேக்கிங்லயா வேலை? அப்ப தூசுதாம்மா. ரெண்டு வாரம் எம்.சி. லீவு தர்றேன், வீட்டுலயே படுத்து ரெஸ்ட் எடுங்க" என்றார் வைத்தியர். அவர்மேல் தப்புச் சொல்லமாட்டேன். அந்த இடத்தில் யார் இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். நானும் சந்தோஷமாக வீட்டில் படுத்தேன்.

அந்த இரண்டு வாரத்தில்தான் செத்துப் பிழைத்தேன்.

என் வீட்டுக்காரர் தனபாலனைப் பற்றிச் சொல்லவேண்டும். அதே தொழிற்சாலையில் அவர் ஃபிட்டர். கொழுந்தைக் காயவைக்கிற சூடான காற்று ஓடும் பெரிய தகரக் குழாய்கள் எல்லாம் அவர் பொறுப்பு. நான்கு வருடங்களுக்கு முன் என் முட்டிவலிக்குக் குளிர் ஆகவில்லை என்று, கழித்துப்போட்ட தகரத்தை வெட்டி வளைத்து, லயத்தில் (தொழிலாளர்களுக்கான வரிசை வீடுகள்) எங்கள் வீட்டுக்கும் அப்படியொரு குழாய் செய்தார். அடுப்புப் புகை தனியாகப் புகைபோக்கியில் போய்விடும். அடுப்படியின் சூட்டை மட்டும் இந்தக் குழாய் இழுத்து, கூரைப் பலகைக்கு மேலாக ஓடி, என் தலைமாட்டுக்கு நேர் மேலே கொண்டுவந்து விடும். நடுவில் ஒரு சின்னக் காற்றாடி. லயத்துப் பெண்கள் வந்து பார்த்துவிட்டுப் போய் அவரவர் புருஷனை வறுத்தெடுத்தார்கள். பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

எம்.சி.யில் படுத்திருந்தபோது நான் இருமினால் அவர் ஓடிவருவார். "குளுரு தாங்கலயா ராஜி? இரு, கொஞ்சம் கூட்டி வைக்கிறேன்" என்று காற்றாடியை வேகமாக்குவார். கதகதப்பாக முகத்தில் வந்து விழும். நல்ல மனுஷன் என்று நினைத்துக்கொண்டே இருமுவேன்.

ஒருநாள் காலையில் கட்டிலிலிருந்து குளியலறை வரை நடக்க முடியவில்லை. விரல்நுனி நீலம் பாரித்துவிட்டது. ஈப்போவில் பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். சளியைச் சோதித்தார்கள், காசநோய்க் கிருமி இல்லை. இதயமும் சரியாக இருந்தது. சி.டி. ஸ்கேனில் (உடம்பின் உள்ளே துண்டு துண்டாகப் படமெடுப்பது) நுரையீரல் முழுக்க மூட்டம் போட்டாற்போல இருந்தது. பிராணவாயுக் குழாயை மூக்கில் மாட்டினார்கள். ஐந்தாம் நாள் காய்ச்சல் விட்டது. ஒன்பதாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். வீட்டில் மூன்றே நாள் இருந்தேன். திரும்பவும் அதே வார்டு, அதே கட்டில். நர்ஸ் பார்த்துவிட்டு, "ஐயோ, மறுபடியுமா ஆன்ட்டி?" என்றாள். எனக்கு அழக்கூட மூச்சில்லை.

நுரையீரல் வைத்தியர் ஒரு தமிழ்ப் பெண். என் மகள் வயதுதான் இருக்கும். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"இங்க இருந்தா தேறுறீங்க, வீட்டுக்குப் போனா விழுறீங்க. வீட்டுல என்னம்மா இருக்கு? புறா, கோழி வளர்க்கிறீங்களா? சுவத்துல ஈரம், பூஞ்சணம் எதும்?"

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. "ஒண்ணும் கிடையாது டாக்டர். தரையில சோத்தைப் போட்டு சாப்பிடலாம், அவ்வளவு சுத்தம்."

"காத்து எந்தப் பக்கமா வருது?"

அதற்கு என் வீட்டுக்காரர்தான் பதில் சொன்னார். கையால் காற்றில் கோடு போட்டு, அடுப்படியிலிருந்து கட்டில் வரை குழாய் ஓடும் வழியைக் காட்டினார். ஃபேக்டரிக் குழாயைப் பார்த்துத் தானே செய்தது என்றார், குரலில் அத்தனை பெருமை. வைத்தியர் கடைசிவரை கேட்டுவிட்டு, "ஃபேக்டரி குழாயை எப்பல்லாம் திறந்து சுத்தம் பண்ணுவீங்க?" என்றார்.

"வாரா வாரம் டாக்டர். இல்லாட்டி தேயிலைத் தூள் கெட்டுப் போயிடும் லா."

"வீட்டுக் குழாயை?"

காற்றில் கோடு போட்ட கையை என் வீட்டுக்காரர் மெல்லக் கீழே இறக்கினார். நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை, பார்க்கவும் பிடிக்கவில்லை.

இதற்குப் பெயர் ஒவ்வாமை நுரையீரல் அழற்சி (மூச்சோடு போகும் பூஞ்சைத் தூளை உடம்பு எதிரியாக நினைத்துச் சண்டை போட, நுரையீரலே புண்ணாவது). தொற்று நோய் இல்லை. ஒரே வீட்டில், ஒரே கட்டிலில் படுக்கிற இருவரில் ஒருவருக்கு வரும், மற்றவருக்கு வராது. என் வீட்டுக்காரருக்கு ஒரு தும்மல்கூட இல்லை.

தொழிற்சாலைக் குழாயில் ஓடுவது உலைச் சூட்டில் காய்ந்த காற்று. எங்கள் குழாயில் ஓடியது சோறு வடித்த ஆவியும் குளிக்க வெந்நீர் போட்ட ஆவியும். இந்த மலைக் குளிரில் வெறும் தகரத்துக்குள் ஆவி போனால் என்ன ஆகும்? உள்ளே வியர்த்து வடியும். ஈரம், இருட்டு, அடுப்படி எண்ணெய்ப் பிசுக்கு, இளஞ்சூடு. பூஞ்சணத்துக்கு வேறென்ன வேண்டும்? ஊர் உலகத்துக் குழாய்க்கெல்லாம் வைத்தியம் தெரிந்த மனுஷனுக்கு இது தோன்றவில்லை.

அவர் குழாயைக் கழற்றிய அன்று, மகள் காரில் என்னைக் கூட்டிவந்திருந்தாள். உள்ளே போகக்கூடாது என்பது வைத்தியர் உத்தரவு. முகக்கவசத்தோடு வாசலுக்கு வெளியே தள்ளி நின்றேன். கட்டிலுக்கு மேலே இருந்த வளைவுத் துண்டை அவர் எடுத்துக்கொண்டு வந்தார். உள்ளே கறுப்பும் பச்சையுமாக, நனைந்த கம்பளிபோல ஒரு விரற்கடை கனத்துக்கு அப்பியிருந்தது. அதைப் பிடித்தபடி சாக்கடைத் திண்டில் உட்கார்ந்துவிட்டார்.

நான் ஆறுதல் சொன்னேன் என்று எழுத ஆசைதான். சொல்லவில்லை. நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டேன். "கொழுந்துக்குப் பார்த்த பார்வைய, கட்டுன பொண்டாட்டிக்குப் பார்க்கக் கூடாதா?" மகள், "போதும்மா, வா லா" என்று கையைப் பிடித்து இழுத்தாள். அவர் தலை நிமிரவே இல்லை.

ஸ்டீராய்டு மாத்திரை (அழற்சியை அடக்குவது) ஏழு மாதம் சாப்பிட்டேன். முகம் பூசணிக்காயாக வீங்கியது. கண்டதையெல்லாம் தின்றேன், கண்டவர்மேலெல்லாம் எரிந்து விழுந்தேன். முதல் மூன்று மாதம் ஈப்போவில் மகள் வீட்டில் இருந்தேன். அதற்குள் அவர் கூரைப் பலகையை மாற்றி, மெத்தையை எறிந்து, சுவரைச் சுரண்டிச் சுண்ணாம்படித்து, குளிருக்காக நாங்களே சாக்கைத் திணித்து அடைத்திருந்த காற்றுத் துவாரங்களையும் திறந்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமைதோறும் மலையிறங்கி வந்து, என் எதிரில் சும்மா உட்கார்ந்திருந்துவிட்டுப் போவார்.

உங்களுக்கு நான் சொல்லக்கூடியது கொஞ்சம்தான். சூடோ குளிரோ, வீட்டில் காற்றைக் கொண்டுவருகிற குழாய் எதுவானாலும் திறந்து உள்ளே பாருங்கள். ஏர்கோன் (குளிர்சாதனம்) போட்ட வீட்டுக்காரர்களும்தான். வடிகட்டியைக் கழுவி, நன்றாகக் காயவிட்டு மாட்டுங்கள். தண்ணீர் வடிகிற வழி அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். சமையல் ஆவியும் குளியல் ஆவியும் வீட்டுக்கு வெளியே போகட்டும், படுக்கைக்குப் போகவேண்டாம். பூஞ்சணம் பிடித்ததை நோயாளி தொடக்கூடாது. வெளியூர் போனால் இருமல் விட்டு, வீடு திரும்பினால் வருகிறதென்றால் அதை வைத்தியரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

போன மாதம் ஊதிப் பார்க்கும் சோதனை (மூச்சின் அளவைப் பார்ப்பது) செய்தார்கள். "இனிமே மோசமாகாதும்மா. ஆனா தழும்பு விழுந்த இடம் விழுந்ததுதான், திரும்பி வராது" என்றார் வைத்தியர். என் வீட்டுக்காரரும் கூடவே இருந்து கேட்டார்.

சாலையிலிருந்து எங்கள் லயத்துக்கு நாற்பது படி. முன்பெல்லாம் காய்கறிப் பையோடு எங்கும் நிற்காமல் ஏறுவேன். இப்போது நான்கு இடத்தில் நிற்கவேண்டும். ஒரு மூச்சுக்கு ஐந்தாறு வார்த்தைதான் பேச வரும். அன்றைக்கு ஈப்போவிலிருந்து திரும்பி ஏறும்போது, இரண்டாவது தடவை நின்ற இடத்தில் ஆரம்பித்தேன். இதுவரை யாரிடமும் சொல்லாத விஷயம்.

"என்னங்க. எனக்கு வாடை வந்துச்சு."

அவர் ஒரு படி மேலே நின்று திரும்பிப் பார்த்தார். நான் மூச்சு வாங்கினேன்.

"அந்தக் குழாயில. ரெண்டு வருஷம் முன்னாடியே."

பேக்கிங்கில் முப்பது வருடம் வேலை பார்த்தவள் நான். நமுத்த தூளைப் பெட்டியைத் திறக்கும்போதே மூக்கு காட்டிக்கொடுத்துவிடும். அந்த மூக்குக்கு என் தலைமாட்டில் இருந்தது தெரியாமலா போகும்? தெரிந்தது. சாம்பிராணி போட்டு அமுக்கிவிட்டேன். லயமே பார்த்து மெச்சிய குழாயைக் குறை சொல்ல மனசு வரவில்லை. அதை மறைத்து வைத்துக்கொண்டுதான் சாக்கடைத் திண்டில் உட்கார்ந்திருந்தவரை அந்தக் கேள்வி கேட்டேன். இத்தனையையும் ஒரே மூச்சில் கொட்டிவிட முடிந்தால் நன்றாயிருந்திருக்கும். முடியவில்லை. பாதி வார்த்தையில் இருமல் வந்து மறித்தது.

அவர் இறங்கி வந்து, நான் நின்ற படியிலேயே உட்கார்ந்தார். என் கையிலிருந்த பையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"மெதுவா சொல்லு ராஜி" என்றார். "நான் இங்கதான் இருக்கேன்."