மத்தியானம் நடை சாத்தும் ஊர்

இலவசமாக வலைப்பக்கம் உருவாக்கி, விளம்பரத்தில் காசு பார்க்கலாம் என்றார்கள். நானும் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து மதுரைச் சுற்றுலா பற்றி ஒரு பக்கம் போட்டேன். எழுதச் சோம்பல், எங்கெங்கோ இருந்ததை எடுத்து ஒட்டினேன். நிறையப் பேர் பார்க்கவும் தலைகால் புரியவில்லை.

ஒருநாள் உச்சி வெயிலில், சாத்திய கோயில் வாசலில் கோயம்புத்தூர்த் தம்பதி கைக்குழந்தையோடு நின்றார்கள்.

"நாள் முழுக்கத் தொறந்திருக்கும்னு போட்டிருக்குங்களே?" என்று அந்தம்மா ஒரு பிரிண்ட்டை நீட்டினார். நான் போட்ட வலைப்பக்கம்தான்!

"மத்தியானம் நடை சாத்திருவாங்களே. நாலு மணிக்குத்தான் திறப்பாங்க" என்றேன்.

"இதை எழுதுன ஆளு மதுரைப் பக்கமே வந்திருக்க மாட்டானுங்க" என்றார் கணவர்.

"ஆமாண்ணே" என்று நழுவினேன். என் வீடு அடுத்த தெரு. குழந்தைக்கு நிழல்கூடத் தரவில்லை.

இப்போதெல்லாம் நேரில் பார்க்காத எதையும் எழுதுவதில்லை. மத்தியானத்தில் அந்த வாசல் பக்கம் போவதுமில்லை.